ராசீன் படித்த பள்ளிக்கூடம்

ஒழுங்காக 14 வருஷம் மட்டுமே நடந்த ஒரு தனியார் பள்ளிக்கூடத்தைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். ஒரே சமயத்தில் அதில் 50 பிள்ளைகளுக்கு மேல் இருந்ததில்லை. வகுப்புக்கு ஆறு பேர்தான். பரிசு கிடையாது, ரேங்க் கிடையாது, நாடகம் கிடையாது. 1660-ஆம் வருஷம் மார்ச் மாதம் அரசாங்கம் ஆள் அனுப்பி அதை மூடிவிட்டது. பிரான்சுவா மர்த்தேன் நம் புதுச்சேரியில் வந்து கொடி நட்டது 1674-இல். அதற்கும் 14 வருஷம் முந்திய கதை இது.

நம் ஊரில் பிரெஞ்சு படித்த என் வயதுக்காரர்கள் அந்தப் பள்ளியின் பெயரைக் கட்டாயம் கேட்டிருப்பார்கள். போர் ருவாயால். ராசீனின் 'ஆந்த்ரோமாக்' நாடகத்தை வரி வரியாக ஒப்பிக்க வைத்த மிசியேக்கள் எல்லாரும், அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் இந்தப் பெயரை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் பரீட்சைக்காக அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்தவன்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஆபீசில் பழைய பிரெஞ்சு ரிஜிஸ்தர்களைப் புரட்டிய பழக்கம் விடாமல், அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன்.

பாரீசுக்குத் தென்மேற்கே, வெர்சாயைத் தாண்டி, ஒரு பள்ளத்தாக்கில் இருந்த பழைய கன்னியர் மடம்தான் போர் ருவாயால் தே ஷாம். பிறகு பாரீசிலும் அதற்கு ஒரு மடம் ஏற்பட்டது. அந்த மடத்துக்கு ஆன்ம குருவாக வந்தவர் சேன் சிரான் என்ற அபே. 1637-இல் அந்துவான் லெ மேத்ர் என்ற பேர்போன வக்கீல், வாதத் திறமையில் உச்சியில் இருந்தபோதே கோர்ட்டை விட்டுவிட்டு, இந்த அபேயின் பேச்சைக் கேட்டு மடத்தின் அருகே தனியாக வாழ வந்துவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். இவர்களைப் பிரெஞ்சில் தனித்திருப்போர் என்றே அழைத்தார்கள். சாமியார்கள் அல்லர்; பட்டம் பெற்ற குருக்களும் பலர் அல்லர். படித்த மனிதர்கள். தோட்ட வேலை செய்வார்கள், பழைய நூல்களை மொழிபெயர்ப்பார்கள். அவர்களிடம் சில குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளை ஒப்படைத்தார்கள். பள்ளியின் வித்து அதுதான்.

வித்து முளைக்கும் முன்பே புயல். மந்திரி ரிஷ்லியே 1638-இல் சேன் சிரானைப் பிடித்து வேன்சேன் கோட்டையில் அடைத்தார். அபே வெளியே வந்தது ரிஷ்லியே இறந்த பிறகு, 1643-இல். அந்த வருஷமே அவரும் இறந்துபோனார். ஆனால் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று அவர் சொல்லிவைத்தது நின்றது. ஆசிரியன் குறைவாகப் பேச வேண்டும், நிறையப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அதைவிடக் கூடுதலாகப் பிள்ளைகளுக்காக ஜெபிக்க வேண்டும் என்பது அவர் வைத்த நெறி. பிரம்பே வாத்தியாரின் ஆறாவது விரலாக இருந்த காலத்தில் இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

1646-இல் பாரீசில் ஒரு முட்டுச் சந்தில் வீடு பிடித்துப் பள்ளியை முறைப்படி தொடங்கினார்கள். நாலு அறை, நாலு ஆசிரியர், அறைக்கு ஆறு பிள்ளைகள். பிள்ளைகள் படுப்பதும் படிப்பதும் அந்த அறையிலேயே; ஆசிரியரும் கூடவே. மேற்பார்வைக்கு வலோன் தெ போப்புயி என்பவர். ஆசிரியர்கள் லான்ஸ்லோ, நிக்கோல், கியோ, குஸ்தெல். 'சின்னப் பள்ளிகள்' என்று அடக்கமாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சேசு சபையாரின் பெரிய கொலேஜுகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போட்டி இல்லை என்று காட்டிக்கொள்வதற்காக இருக்கலாம். பாரீசில் இருந்த சேசு சபையாரின் கிளெர்மோன் கொலேஜில் ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படித்தார்கள். இங்கே 24.

இப்போதெல்லாம் தனியார் பள்ளிகள் வழவழப்பான தாளில் ஒரு கையேடு கொடுக்கின்றன. எங்கள் கல்வியின் பலம் இது, வரும் ஆண்டுக்கான மேம்பாட்டுத் திட்டம் இது என்று கலர் கலராக. போர் ருவாயால்காரர்கள் கையேடு போடவில்லை. பாடப் புத்தகம் போட்டார்கள். அந்தப் புத்தகங்களைப் பார்த்தால் அவர்களுடைய பலம், திட்டம் இரண்டும் தெரிந்துவிடும்.

முதலில் வாசிப்பு. அந்நாளில் பிரான்சில் பிள்ளைக்கு முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தது பிரெஞ்சில் இல்லை, லத்தீனில். ஏன் என்றால் லத்தீனில் எழுதிய எழுத்தெல்லாம் ஒலிக்கும். பிரெஞ்சில் பாதி எழுத்து ஊமை. அதனால் லத்தீன் சுலபம் என்று வாதம். பிள்ளை தனக்கு ஒரு சொல்லும் புரியாத பாஷையை வருஷக் கணக்கில் உரக்க வாசித்துக்கொண்டிருக்கும். போர் ருவாயாலில் இதை நிறுத்தினார்கள். வீட்டில் பேசுகிற பாஷையில்தான் முதல் வாசிப்பு. கேட்டால் இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். நம் ஊரிலேயே இதை ஒத்துக்கொள்ளாத பெற்றோர் இன்று எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது எழுத்தின் பெயர். இதை விளக்க நான் நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். என் பாட்டி தலைமுறையில் பலா என்று படிக்க, 'பானா, லாவன்னா, பலா' என்று சொல்வார்கள். 'பானா'வில் இருந்து 'னா'வையும், 'லாவன்னா'வில் இருந்து 'வன்னா'வையும் மனதுக்குள் கழித்துவிட்டு மீதியைச் சேர்க்க வேண்டும். நம் எழுத்துப் பெயர்கள் ஒலியிலேயே தொடங்குவதால் பிள்ளைகள் எப்படியோ சமாளித்தார்கள். பிரெஞ்சில் அந்த வசதியும் முழுக்க இல்லை. 'எஃப்', 'எல்', 'எம்', 'ஆஷ்' என்று எழுத்துக்கு ஒரு பெயர். சொல்லுக்குள் போனால் வேறு ஒலி. 'போன்' என்ற சொல்லைப் படிக்கப் பிள்ளை 'பே, ஓ, என்' என்று சொல்லிவிட்டுத் திடீரென்று 'போன்' என்று முடிக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று அதற்கே தெரியாது.

மெய்யெழுத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, அது சொல்லுக்குள் எப்படி ஒலிக்குமோ அப்படியே, பின்னால் ஒரு மெல்லிய ஊமை 'எ' மட்டும் சேர்த்துச் சொல் என்பது போர் ருவாயால் முறை. இரண்டு மூன்று எழுத்து சேர்ந்து ஒரே ஒலி தந்தால், அதைப் பிரிக்காமல் ஒரே ஒலியாகவே சொல்லிக்கொடு. இவ்வளவுதான் சங்கதி. இதைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? பிளேஸ் பஸ்கால். கணக்கு இயந்திரம் செய்தவர், காற்றுக்கு எடை உண்டு என்று மலை மேல் ஆளை ஏற்றிச் சோதித்தவர், அதே பஸ்கால்தான். அவருடைய தங்கை ழாக்லின் அந்த மடத்தில் கன்னியர். அங்கே தங்கிப் படித்த பெண் பிள்ளைகளுக்கு அவர்தான் பொறுப்பு. 1655-இல் அவர் அண்ணனுக்கு எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. இந்த முறையில் கற்றுக்கொடுக்கும்போது சில இடம் இடிக்கிறதே, அங்கே என்ன செய்வது என்று அதில் சந்தேகம் கேட்கிறார். ஐரோப்பாவின் பெரிய கணித மேதை, சின்னப் பெண்கள் எழுத்துக் கூட்டுவதைப் பற்றித் தங்கையின் சந்தேகத்துக்குப் பதில் யோசிக்கிறார்! எனக்கு இந்தக் கடிதம் ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் காலத்தில் பதினோராவது வகுப்பில் (பிரெஞ்சு முறையில் அதுதான் கீழ் வகுப்பு, கீழிருந்து எண்ணும் தமிழ்ப் பிள்ளைகள் எங்களைப் பெரிய வகுப்பு என்று நினைத்துப் பயப்படுவார்கள்) எங்கள் மெத்ர் 'எம்' என்று சொல்லவே விடமாட்டார். இரண்டு உதட்டையும் மூடி 'ம்...' என்று மாடு மாதிரி முனகச் சொல்வார். அது பஸ்கால் வழிவந்த முனகல் என்று எங்களுக்கு அப்போது யார் சொன்னார்கள்?

லத்தீனுக்கு வருவோம். அதைக் கற்க ஊரெல்லாம் வழங்கியது தெப்போத்தேர் என்பவருடைய இலக்கணம். லத்தீன் விதிகளை லத்தீன் செய்யுளிலேயே எழுதியிருந்தார்! பாஷை தெரிந்தால்தான் விதி புரியும். விதி புரிந்தால்தான் பாஷை வரும். லான்ஸ்லோ 1644-இல் 'புதிய முறை' என்ற பெயரில் லத்தீன் விதிகளைச் சின்னச் சின்னப் பிரெஞ்சுச் செய்யுளாக மாற்றிப் புத்தகம் போட்டார். 1655-இல் கிரேக்கத்துக்கு அதேபோல. 1657-இல் 'கிரேக்க வேர்ச்சொல் தோட்டம்' என்ற புத்தகம். அப்புறம் இத்தாலியனுக்கும் ஸ்பானிஷுக்கும். கிரேக்கத்தை லத்தீன் வழியாக இல்லாமல் நேரே தாய்மொழி வழியாகக் கற்பித்தார்கள். நம் நிகண்டு மாதிரி செய்யுளாக இருந்ததால் பிள்ளைகள் வாயில் ஒட்டிக்கொண்டது. மனப்பாடமே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. புரிந்ததை மனப்பாடம் செய் என்றார்கள்.

இந்தப் புத்தகங்களை எழுதும்போது லான்ஸ்லோவுக்கு ஒரு பழக்கம். ஒரு பாஷையில் இது ஏன் இப்படி, இன்னொரு பாஷையிலும் ஏன் இதே மாதிரி என்று சந்தேகம் வந்தால், அந்துவான் ஆர்னோ என்ற பெரிய இறையியல் அறிஞரிடம் போய்க் கேட்பார். ஆர்னோ யோசித்துக் காரணம் சொல்வார். அந்தக் கேள்வி பதில்கள்தான் 1660-இல் 'பொது இலக்கணம்' என்ற சின்னப் புத்தகமாக வந்தது. பஸ்காலின் வாசிப்பு முறை ஒரு அத்தியாயமாக அதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் மூடிய அதே வருஷம் என்பதையும் கவனியுங்கள். 306 வருஷம் கழித்து, 1966-இல், அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி தன் கொள்கைக்கு முன்னோடியாக இந்தப் புத்தகத்தைக் காட்டினார். வாத்தியார் ஒருவர் வகுப்புக்குத் தயார் செய்துகொள்ளும்போது எழுந்த சந்தேகம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

ஆர்னோவும் நிக்கோலும் சேர்ந்து எழுதிய தர்க்க நூல் 1662-இல் வந்தது. அது பிறந்ததே ஒரு விளையாட்டுப் பந்தயம் போல. ஷெவ்ரேஸ் என்ற இளம் பிரபுவிடம், தர்க்கத்தில் உபயோகமுள்ளது எல்லாவற்றையும் நாலைந்து நாளில் உனக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொல்லப்போக, அதை எழுத உட்கார்ந்தார்கள். பழைய தர்க்க நூல்களில் வரும் வறட்டு உதாரணங்களை விட்டு, வாழ்க்கையில் மனிதன் எங்கெங்கே தப்பாக யோசிக்கிறான் என்று உதாரணம் காட்டினார்கள். 1667-இல் ஆர்னோ ஒரு வடிவியல் புத்தகமும் போட்டார். யூக்ளித்தின் வரிசை பிள்ளைகளின் புத்திக்கு ஏற்றதாக இல்லை என்று, எளியதிலிருந்து கடினத்துக்கு மாற்றி அடுக்கினார்.

நல்லதை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அது பள்ளி விளம்பரம் ஆகிவிடும். குறைகளும் இருந்தன. முதல் குறை, யார் படித்தார்கள் என்பது. பெரும்பாலும் நீதிபதிகள், அதிகாரிகள், பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள். சேசு சபையார் நடத்திய கொலேஜுகளில் வெளியிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. தேக்கார்த், கொர்னேய், மோலியேர், பின்னாளில் வோல்தேர் எல்லாரும் அவர்களிடம் படித்தவர்கள். 50 பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒத்துவராத பிள்ளையைத் திருப்பி அனுப்பியும்விட்டால், பிரம்பு இல்லாமல் பள்ளி நடத்தலாம். வகுப்புக்கு நூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதே ஆசிரியர் என்ன செய்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். சின்னப் பள்ளிகள் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். பெண்களுக்கு மடத்துக்குள்ளே ழாக்லின் 1657-இல் எழுதிய ஒழுங்கு முறை. அதைப் படித்தால் மனசு கனக்கும். பேச்சு மிகக் குறைவு, மௌனம் அதிகம், விளையாட்டு சொற்பம். அதை அச்சிட்டபோது, இதை எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் பின்பற்றுவது சுலபம் இல்லை என்று அவர்களே ஒரு குறிப்புச் சேர்க்க வேண்டியிருந்தது. வாசிப்பில் அவ்வளவு இரக்கம் காட்டியவர், நாள் முழுவதற்கும் இவ்வளவு கடுமையாக எழுதியிருக்கிறார்.

மூன்றாவதைச் சொன்னவர் பஸ்காலே. போட்டி, புகழ் ஆசை, பரிசு இவை பிள்ளையின் மனதைக் கெடுக்கும் என்று போர் ருவாயால் அவற்றை ஒதுக்கியது. சேசு சபையார் இதற்கு நேர் எதிர். வகுப்பை இரண்டு படையாகப் பிரித்து மோத விடுவார்கள், பட்டம் கொடுப்பார்கள், வருஷக் கடைசியில் நாடகம், பரிசளிப்பு. நம் பிரெஞ்சுப் பள்ளிகளில் விடுமுறைக்கு முன் சிவப்பு அட்டைப் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மேடை இறங்கியவர்கள் அந்தப் பரம்பரையின் வாரிசுகள்தான். பஸ்கால் தன் குறிப்புகளில், இப்படித் தூண்டுதல் எதுவும் கொடுக்காத போர் ருவாயால் பிள்ளைகள் அசட்டையாகிப் போகிறார்கள் என்கிற மாதிரி எழுதி வைத்திருக்கிறார். புகழ்ச்சி எல்லாவற்றையும் கெடுக்கிறது என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, அது இல்லாவிட்டால் இப்படி ஆகிறதே என்று ஒரு கவலை. பள்ளியின் சொந்த நண்பர், அதன் வாசிப்பு முறையையே செய்து கொடுத்தவர், இப்படி எழுதினார் என்றால் நாம் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. என் சொந்த அபிப்பிராயம், ஆறு பேர் வகுப்புக்குப் பரிசு தேவையில்லை. ஆசிரியர் ஒருவரின் கண் போதும். அறுபது பேர் என்றால் ஏதோ ஒரு மிட்டாய் வேண்டியிருக்கிறது. ஆனால் மிட்டாய் கிடைக்காத 59 பேரைப் பற்றி யாரும் கையேட்டில் போடுவதில்லை.

இனி நம் ராசீன். 1639-இல் பிறந்து, சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்த பிள்ளை. பாட்டி வளர்த்தார். அத்தை போர் ருவாயாலில் கன்னியர். அந்த உறவில் 1655-இல் பள்ளிக்கு வந்தார். அதற்குள் பள்ளி பாரீசை விட்டு நாட்டுப்புறத்துக்குச் சிதறியிருந்தது. மடத்துக்கு மேலே மேட்டில் இருந்த லே கிரான்ழ் என்ற பண்ணையில் ஒரு பிரிவு, வெர்சாய் பக்கம் லெ ஷெனேயில் இன்னொன்று. பெரிய பிரபு வீட்டுப் பிள்ளைகள் நடுவே இந்த அனாதைப் பிள்ளைக்கும் லான்ஸ்லோ கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார், நிக்கோல் லத்தீன் சொல்லிக்கொடுத்தார், ஆமோன் என்ற வைத்தியர் பாடம் எடுத்தார்.

வக்கீல் லெ மேத்ருக்கு இந்தப் பையன் மேல் தனிப் பாசம். 1656 மார்ச்சில் அரசாங்கத்தின் கெடுபிடியால் அவரும் மற்றவர்களும் லே கிரான்ழை விட்டுக் கலைய வேண்டி வந்தது. ஒளிந்திருந்த இடத்திலிருந்து 'சின்ன ராசீனுக்கு' ஒரு கடிதம் எழுதினார். என் கிறிசோஸ்தோம் தொகுதிகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், எலி கடிக்காமல் இருக்க மண் சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வை என்றெல்லாம் அதில் வரும். முடிவில் தன்னை அவனுடைய அப்பா என்றே சொல்லிக்கொள்கிறார். பிரெஞ்சு அரசின் போலீஸ் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் கவலை, புத்தகமும் அந்தப் பையனும்.

லான்ஸ்லோ பற்றி ராசீனின் மகன் எழுதி வைத்த ஒரு கதை பிரான்சில் எல்லாருக்கும் தெரியும். பையன் எங்கிருந்தோ ஒரு கிரேக்கக் காதல் கதையைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தான். லான்ஸ்லோ பார்த்துப் பிடுங்கி நெருப்பில் போட்டார். இன்னொரு பிரதி வாங்கினான். அதுவும் நெருப்புக்குப் போயிற்று. மூன்றாவது பிரதியை வாங்கி முழுக்க மனப்பாடம் செய்துவிட்டு, இதையும் எரித்துவிடுங்கள் என்று தானே கொண்டுபோய்க் கொடுத்தானாம். இதில் யாருக்கு வெற்றி? கிரேக்கத்தில் ஒரு நாவலையே நெட்டுருப் போடும் அளவுக்கு அந்தப் பாஷையைக் கற்றுக்கொடுத்தவரே அதை எரித்தவரும்!

பள்ளியை மூடிய காரணம் பாடம் சம்பந்தப்பட்டது இல்லை. போர் ருவாயால்காரர்கள் ழான்செனிஸ்த் கொள்கைக்காரர்கள், இறையருளைப் பற்றி அகுஸ்தீனார் சொன்னதை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டவர்கள். சேசு சபையாருக்கும் இவர்களுக்கும் தீராத வழக்கு. ஆர்னோவை 1656-இல் சொர்போனிலிருந்து நீக்கினார்கள். அவருக்காகப் பஸ்கால் புனைபெயரில் எழுதிய 18 கடிதங்கள் ஊரையே சிரிக்க வைத்தன. அரசாங்கத்துக்குக் கோபம் ஏறியது. அந்த மார்ச்சில் பஸ்காலின் மருமகள், மடத்தில் படித்துக்கொண்டிருந்த சின்னப் பெண், கண்ணில் இருந்த புண் ஒரு புனிதப் பொருளைத் தொட்டதும் ஆறிவிட்டது என்று பேச்சுப் பரவியது. அந்த அற்புதத்தின் பேரில் நாலு வருஷம் தப்பித்தார்கள். 1660-இல் தப்பவில்லை. பாரீசின் சிவில் அதிகாரி தோப்ரே ஆட்களுடன் வந்து பிள்ளைகளைக் கலைத்தார். (இந்த தோப்ரே ஆறு வருஷம் கழித்துத் தன் சொந்த மகளாலேயே விஷம் வைத்துக் கொல்லப்பட்டார். பிரேன்விலியே சீமாட்டி என்று பிரெஞ்சுக் குற்றக் கதைகளில் வருபவள் அந்த மகள்தான். பள்ளிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

கட்டடத்தை மூடலாம், புத்தகத்தை மூட முடியவில்லை. பாரீஸ் பல்கலைக்கழகத்தின் ரெக்தராக இருந்த ஷார்ல் ரொலேன், 1726-இல் வெளியிடத் தொடங்கிய தன் கல்வி நூலில் போர் ருவாயாலின் வழிகளைப் பொதுப் பள்ளிகளுக்குள் கொண்டுவந்தார். அங்கே படித்த தில்மோன், உரோமைச் சக்கரவர்த்திகளின் வரலாற்றை ஆதாரம் ஆதாரமாகத் தொகுத்தார். பின்னால் ஆங்கிலேயர் கிப்பன் தன் பெரிய நூலுக்கு அவரைத்தான் கைத்தடியாகப் பிடித்து நடந்தார்.

ராசீன் நாடகம் எழுதப் போனது அவருடைய ஆசிரியர்களுக்குப் பெரிய அடி. நாடகம் எழுதுகிறவன் மக்களின் ஆன்மாவுக்கு விஷம் வைக்கிறவன் என்கிற தோரணையில் நிக்கோல் எழுதினார். தன்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு ராசீன் 1666-இல் பழைய ஆசிரியர்களைக் கிழித்து ஒரு கடிதம் வெளியிட்டார். கெட்டிக்காரத்தனமான, நன்றி கெட்ட கடிதம். 1677-இல் 'ஃபேத்ர்' எழுதிய பிறகு நாடகத்தை விட்டு, அவர்களிடம் திரும்பிப் போய்ச் சமாதானம் ஆனார். மன்னனின் அரண்மனையில் வரலாற்று ஆசிரியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டே, மன்னனுக்குப் பிடிக்காத போர் ருவாயாலின் வரலாற்றை இரகசியமாக எழுதினார். 1699-இல் இறந்தபோது, அந்த வைத்தியர் ஆமோனின் காலடியில் தன்னைப் புதைக்க வேண்டும் என்று உயில் எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள். 1709-இல் மன்னர் கன்னியர்களை வெளியேற்றி, பிறகு மடத்தை இடித்துக் கல்லறைகளையும் தோண்டினார். ராசீனின் எலும்புகள் 1711-இல் பாரீசில் பஸ்கால் அடங்கியிருக்கும் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தன.

லே கிரான்ழில் பிள்ளைகளுக்காகக் கட்டிய வீடு மட்டும் நிற்கிறது, இப்போது அது மியூசியம். முற்றத்தில் ஒரு ஆழக் கிணறு. சின்னப் பையன்கூடப் பெரிய வாளியை இழுக்கும்படி பஸ்கால் அதற்கு ஒரு பொறி அமைத்துக் கொடுத்தார் என்று சொல்வார்கள்.

லான்ஸ்லோவின் கதையைச் சொல்லி நிறுத்துகிறேன். பள்ளி போன பிறகு அவர் பெரிய வீடுகளில் வீட்டு ஆசிரியராக இருந்தார். கோந்தி வம்சத்து இளவரசர்கள் இருவருக்குப் பாடம் சொன்னார். 1672-இல் அவர்களுடைய தாயார் இறந்ததும், பிள்ளைகளை நாடகக் கொட்டகைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அரண்மனையிலிருந்து உத்தரவு வந்தது. பாரீசில் அப்போது ராசீனின் நாடகங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம். லான்ஸ்லோ முடியாது என்று சொல்லி வேலையை விட்டார். மடத்தில் சேர்ந்தார். அங்கிருந்தும் 1680-இல் அவரைப் பிரெத்தாஞ் கடலோரப் பக்கம் கேம்பெர்லேக்கு நாடு கடத்தினார்கள். 15 வருஷம் அங்கேயே இருந்து 1695-இல் இறந்தார். அதற்குள் அவருடைய லத்தீன் புத்தகம் பல பதிப்புகள் கண்டிருந்தது.